கூடுதாழை முதல் கூட்டப்புளி வரை: கடலோரத்தில் வீடு கட்டப் போகிறவருக்கு

இருபது வருடத்துக்கு மேலாகத் திசையன்விளைப் பக்கம் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது, சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்று. நான் திருப்பிக் கேட்பது, இடத்திலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று. "பக்கத்துலதான் அண்ணாச்சி, ராத்திரி அலைச் சத்தம் கேக்கும்" என்பார்கள் சந்தோஷமாக. அலைச் சத்தம் கேட்கிற தூரம்தான் சிக்கலே. அந்தத் தூரத்துக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, தனிக் கலவை இருக்கிறது, கூரையைக் கட்டுவதற்கும் தனி முறை இருக்கிறது. பாளையங்கோட்டையில் கட்டுகிற மாதிரியே இங்கேயும் கட்டினால் பத்து வருடத்தில் வீடு உதிரத் தொடங்கிவிடும்.

முதல் தடவை கட்டப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன். நடுவில் எதையாவது தாண்டிப் போனால், பின்னால் அதே இடத்துக்குத் திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

வீடு எதையெல்லாம் தாங்க வேண்டும்

நம் திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை அப்படியொன்றும் நீளமில்லை. கூடுதாழையில் தொடங்கி உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் என்று போய்க் கூட்டப்புளியோடு முடிந்துவிடும். நாகப்பட்டினம், கடலூர் போல அடிக்கடி புயல் கரையேறுகிற இடமும் இல்லை. அதனால் "நம்ம பக்கம் புயல் வராது" என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு போனபோது அந்தப் பேச்சு அடங்கியது.

அப்புறம் 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்தத் தடவை தண்ணீர் கடலிலிருந்து வரவில்லை. வீட்டுக்கு முதுகுப் பக்கமிருந்து, உடைந்த குளத்திலிருந்தும் நிரம்பி வழிந்த ஓடையிலிருந்தும் வந்தது. கடலைப் பார்த்தே திண்ணையை உயர்த்தியவர்கள் கொல்லைப்பக்கத்தை மறந்திருந்தார்கள்.

கள்ளக்கடல் என்று ஒன்றும் உண்டு. நல்ல வெயில் அடிக்கும், காற்றும் அடங்கியிருக்கும். ஆனால் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பிய நீண்ட அலை பல ஆயிரம் கி.மீ. கடந்து வந்து சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும். சித்திரை, வைகாசியில்தான் அதிகம். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இப்போது இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது.

இவை எல்லாமே எப்போதாவது வருகிறவை. தினமும் வருவது இரண்டு. ஒன்று காற்று. ஆனி, ஆடியில் மீனவர்கள் கச்சான் என்கிற மேல்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து இராதாபுரம் வட்டாரம் முழுவதையும் சுழற்றி எடுக்கும். அந்தக் காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. இன்னொன்று உப்பு. இத்தனை வருடத்தில் புயலில் விழுந்த காங்கிரீட் வீடு ஒன்றைக்கூட நான் இங்கே பார்த்ததில்லை. உப்பு தின்று கெட்ட வீடுகளை ஒவ்வொரு தெருவிலும் காட்ட முடியும்.

முதல் வேலை: தூரத்தை அளப்பது, ஆனால் டேப்பால் அல்ல

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்பதை எல்லோரும் சி.ஆர்.இசட். என்றுதான் சொல்கிறார்கள். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்ட அறிவிக்கை இது. முதலில் 1991இல் வந்தது, பிறகு 2011 ஜனவரியிலும் 2019 ஜனவரியிலும் புதிதாக மாற்றி எழுதினார்கள். கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை இதற்குள் வரும்.

உயர் அலைக் கோடு என்பது நீங்கள் போய் நிற்கும்போது அலை வந்து காலை நனைக்கிற இடம் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் தண்ணீர் அதிகபட்சமாக எதுவரை ஏறுகிறதோ, அதுதான் கோடு. அந்தக் கோட்டை நீங்களோ நானோ போட முடியாது. மத்திய அரசு அனுமதித்த நிறுவனங்கள்தான் போட வேண்டும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனமும், நிலைத்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையமும் இதைச் செய்கின்றன. உங்கள் சர்வே எண்ணை அந்த வரைபடத்தின் மேல் ஏற்றி, இத்தனை மீட்டர் என்று கொடுப்பார்கள்.

வெளிநாட்டில் பதினெட்டு வருடம் உழைத்துவிட்டு வந்த ஒருவர் எட்டு சென்ட் வாங்கினார். தரகர் தை மாதம் அவரைக் கூட்டிக்கொண்டு போய், அலை விளிம்பிலிருந்து கயிறு பிடித்து, 220 மீட்டர் இருக்கிறது என்று காட்டியிருக்கிறார். தையில் கரை அகலமாகத்தான் இருக்கும். ஆனி, ஆடியில் கடல் மணலை இழுத்துக்கொண்டு போன பிறகு அதே இடத்தில் நின்று பாருங்கள், தெரியும். வரைபடத்தில் அவருடைய இடம் 170 மீட்டரில், அதாவது புதிய வீடு கட்ட முடியாத 200 மீட்டருக்குள் இருந்தது. அந்த 50 மீட்டரில் அவருடைய வீடு போய்விட்டது. இப்போது அங்கே பக்கத்து வீட்டார் வலை காயப்போடுகிறார்கள். அவர் ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த வரைபடத்தைப் பாருங்கள். ஊர் அளவிலான வரைபடங்கள் சர்வே எண்ணோடு இருக்கும். மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடமும் மாவட்ட அலுவலகத்திலும் பார்க்கலாம். பார்க்கும்போதே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இந்த வரைபடம் 2011 அறிவிக்கைப்படியா, 2019 அறிவிக்கைப்படியா?" 2019 அறிவிக்கையின்படி தயாரித்த வரைபடம் ஒப்புதல் பெறும்வரை பழைய அறிவிக்கைதான் செல்லும். இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய. இடைத்தரகர்கள் எப்போதும் உங்களுக்குப் பிடித்த அறிவிக்கையைத்தான் சொல்வார்கள்.

கடல் மட்டுமல்ல, ஓதம் ஏறுகிற ஆற்று முகத்துவாரம், கழி, உப்போடை எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வறண்ட காலத்தில் தண்ணீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கிற இடம் வரைக்கும் அது கடலாகவே கருதப்படும். 2011 விதியில் அந்தக் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், 2019இல் 50 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இதில் எது குறைவோ அது. நம்பியாறு கடலில் சேர்கிற பக்கம் இடம் பார்க்கிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

இரண்டாவது: உங்கள் இடம் எந்த வகை, நீங்கள் யார்

நான்கு வகை இருக்கிறது. முதல் வகை மணல்மேடு, அலையாத்தி, ஆமை முட்டையிடும் கரை போன்றவை, அங்கே வீட்டை மறந்துவிடலாம். இரண்டாம் வகை கடலை ஒட்டி ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நகரப் பகுதி. நான்காவது தண்ணீருக்குள். நம் ஊர்கள் கிராம ஊராட்சிகள் என்பதால் பெரும்பாலும் மூன்றாம் வகையில்தான் வரும்.

2011 விதிப்படி மூன்றாம் வகையில் முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடை மண்டலம். அங்கே புதிய வீடு கிடையாது. அனுமதி பெற்றுக் கட்டிய பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், ஆனால் அடித்தளப் பரப்பைக் கூட்டக் கூடாது. இதில் ஒரு விலக்கு உண்டு: 100 முதல் 200 மீட்டர் வரை மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கடலோர மக்கள் வீடு கட்டவோ திருப்பிக் கட்டவோ அனுமதிக்கலாம், கழிப்பிட வசதியும் பேரிடருக்கான ஏற்பாடும் செய்திருந்தால். 200 முதல் 500 வரை, ஏற்கெனவே இருக்கிற ஊரின் மரபுவழி உரிமைக்கு உட்பட்டு வீடு கட்டலாம். உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும். எவ்வளவு பரப்புக் கட்டலாம் என்பதை உள்ளூர் நகரமைப்பு விதிகள் தீர்மானிக்கும். இந்தக் கட்டுப்பாடுகளை முதல் நாளே சொன்னால் பாதிப் பேர் முகம் மாறிவிடும்.

2019 அறிவிக்கை மூன்றாம் வகையை இரண்டாக உடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கி.மீ.க்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கமாக வாழ்கிற ஊர் மூன்று-அ. அங்கே தடை மண்டலம் 50 மீட்டர்தான். அதற்குக் குறைவான நெருக்கம் உள்ள ஊர் மூன்று-ஆ, அங்கே பழையபடி 200 மீட்டர். மீனவர் ஊர்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்பதைப் பார்த்தால் நெருக்கம் அதிகம் என்று தோன்றும். ஆனால் கணக்கெடுப்பது எந்தப் பரப்புக்கு என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

"நீங்கள் யார்" என்று கேட்பது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது, அது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. அதிகாலையில் வள்ளம் இறக்குகிறவர் கடலை விட்டுத் தள்ளி வாழ முடியாது. வார இறுதிக்கு வந்து போகிறவர் 500 மீட்டருக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொள்ளலாம்.

கூடங்குளம் பக்கம் இடம் என்றால் இன்னொரு வட்டமும் உண்டு. அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கி.மீ.க்குள் மக்கள்தொகையைப் பெருக்குகிற பெரிய கட்டுமானங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. ஊரின் இயல்பான வளர்ச்சியாக வருகிற வீட்டை அது தடுப்பதில்லை, இருந்தாலும் ஊராட்சியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது: காகிதம்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் படம், வில்லங்கச் சான்று. இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். கடலோரத்தில் தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத வீடுகள் நிறைய. புறம்போக்கா, நத்தமா என்று வி.ஏ.ஓ.விடம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததாக இருந்தால், அது 2016 அக்டோபர் 20க்கு முன்பே மனையாகப் பதிவானதா என்று பாருங்கள். வரன்முறைத் திட்டம் அதை வைத்துத்தான்.

கட்டட அனுமதிக்கு 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிறவர்களுக்குச் சுயசான்று முறை வந்தது. உடனே கடலோரத்தில் ஒரு வதந்தி கிளம்பியது: "இனிமே எதுவும் வேண்டாம், நாமளே கையெழுத்துப் போட்டாப் போதும்." அப்படி இல்லை. மாநில அரசின் கட்டட அனுமதி வேறு, மத்திய அரசின் சி.ஆர்.இசட். வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தவிர்க்க முடியாது.

2011 அறிவிக்கையின் கீழ் என்றால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்குப் போய், அங்கிருந்து மாநில ஆணையத்துக்குப் போகும். 2019இன் கீழ், சொந்தக் குடியிருப்புக்காக 300 சதுர மீட்டர் வரை கட்டுகிறவர்களுக்கு ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை. உள்ளாட்சி அமைப்பே சி.ஆர்.இசட். விதியைப் பார்த்து அனுமதி தரலாம். 300 சதுர மீட்டர் என்பது 3,200 சதுர அடிக்கு மேல், ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

"யார் வந்து பார்க்கப் போறா" என்று கேட்கிறவர்களுக்குக் கொச்சி மரடைச் சொல்வேன். சி.ஆர்.இசட். மீறல் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆள் குடியிருந்த வீடுகள் அவை. நம் ஊரில் வெடி வைக்க வர மாட்டார்கள்தான். ஆனால் வங்கிக் கடன் கேட்கும்போது, விற்கப் போகும்போது அந்தக் காகிதம் இல்லாதது தெரியும். அபராதமும் லேசுப்பட்டதில்லை, 2024 ஏப்ரல் முதல் பத்தாயிரத்திலிருந்து பதினைந்து லட்சம் வரை போடலாம்.

நான்காவது: மண்ணும் மட்டமும்

இடத்தில் மணல்மேடு இருந்தால் அதைத் தள்ளி மட்டப்படுத்தக் கூடாது. அதுவும் விதிமீறல்தான். விதியை விட்டாலும், அந்த மேடுதான் உங்கள் முதல் சுவர். தாழையும் அடும்பங்கொடியும் பிடித்துவைத்திருக்கிற மணலை ஜே.சி.பி. வைத்து வழித்துவிட்டு, பிறகு ஏழு அடிக்குக் காம்பவுண்டு எழுப்புகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் வயதானவர் ஒருவரிடம் கேளுங்கள்: 2004 டிசம்பர் 26 சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 மழையில் எதுவரை நின்றது என்று. இரண்டில் எது உயரமோ அதற்கு மேலே பேஸ்மட்டம் இருக்க வேண்டும். மணலில் தோண்டினால் பக்கம் சரியும், அதற்காக ஆழத்தைக் குறைத்துவிடாதீர்கள். தண்ணீர் ஓடினால் மணல் அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து முதலில் அரித்துக்கொண்டு போகும். கருங்கல் கட்டுமானம் மட்டும் போதாது; பேஸ்மட்டத்தில் ஒரு பெல்ட், லிண்டல் மட்டத்தில் ஒரு பெல்ட், கூரை மட்டத்தில் ஒரு பெல்ட் என்று மூன்று காங்கிரீட் பெல்ட்டும் வீட்டைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும். மூலையில் கம்பியை வளைத்து அடுத்த சுவருக்குள் விட்டிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள்.

தண்ணீருக்கும் விதி உண்டு. 200 முதல் 500 மீட்டருக்குள் வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும், சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைத்துக்கொள்ளலாம் என்பதுதான் 2011 அறிவிக்கை சொல்வது. ஆழ்துளை போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் முதலில் உங்கள் கிணறு உப்பாகும், அப்புறம் தெருவே உப்பாகும்.

ஐந்தாவது: காங்கிரீட்

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் பணம் இந்த இடத்தில்தான் நிற்கும், அல்லது உதிரும்.

என் மேசை மேல் ஒரு காங்கிரீட் துண்டு கிடக்கிறது. உள்ளங்கை அகலம், ஒரு விரல் தடிமன். என் சொந்த வீட்டின் தென்மேற்கு சன்ஷேடிலிருந்து கட்டிய பதினோராம் வருடம் விழுந்தது. திருப்பிப் பார்த்தால், கம்பி படுத்திருந்த இடம் ஒரு வாய்க்கால் மாதிரி தெரியும். அதில் துரு ஏடு ஏடாக, பனை மட்டையின் நார் பிரிகிற மாதிரிப் பிரிந்து நிற்கும். கம்பி அளவு 8 மி.மீ. ஆனால் துரு ஏறி ஊதியபோது அதன் பருமன் பல மடங்காகி, மேலிருந்த காங்கிரீட்டை உள்ளேயிருந்து நெம்பித் தள்ளியிருக்கிறது. காங்கிரீட்டின் தடிமனை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 12 மி.மீ. அன்றைக்குக் கம்பிக்கு அடியில் கருங்கல் சில்லு வைத்து ஏற்றியிருந்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இன்ஜினியர் வீட்டிலேயே அப்படி.

ஐ.எஸ். 456 என்ற காங்கிரீட் விதித்தொகுப்பு சூழலை ஐந்து படியாகப் பிரிக்கிறது. கடலோரச் சூழலுக்கு நேராக ஆட்பட்ட காங்கிரீட் மூன்றாம் படியான கடுமையான சூழல். கடல்நீர்த் துளி தெறிக்கிற இடம் நான்காம் படி, மிகக் கடுமையானது. கடுமையான சூழலுக்குக் கம்பியின் மேல் 45 மி.மீ. காங்கிரீட் மூடல் வேண்டும், மிகக் கடுமைக்கு 50. காங்கிரீட்டின் தரம் முறையே எம் 30, எம் 35; எண் கூடினால் வலு கூடும். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் 0.45ஐத் தாண்டக் கூடாது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர், மணலில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து.

இதைக் கொத்தனாரிடம் சொன்னால் சிரிப்பார். அவர் கை பழகியது ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு, அதாவது சிமெண்ட், மணல், ஜல்லி. அது பழைய கணக்கில் எம் 15. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று போட்டாலும் எம் 20தான். எம் 30 வேண்டுமென்றால் சட்டிக் கணக்கு போதாது, ஆய்வகத்தில் கலவை வடிவமைத்து வாங்க வேண்டும், அல்லது ரெடிமிக்ஸ் வண்டி வரவழைக்க வேண்டும். செலவு கூடும், உண்மைதான். கட்டடம் முழுக்க முடியாதென்றால் தூண், பெல்ட், சன்ஷேடு, கூரை இந்த நான்கிலாவது விட்டுக்கொடுக்காதீர்கள். சேமிக்க நினைத்தால் டைல்ஸில் சேமியுங்கள்.

கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக்கைக் கடையில் வாங்குங்கள், அல்லது நல்ல கலவையில் வார்த்து ஏழு நாள் தண்ணீரில் ஊறப் போட்டுப் பயன்படுத்துங்கள். சென்ட்ரிங் வேலை முடிந்து, காங்கிரீட் போடுகிற அன்று காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். கையில் 45 மி.மீ. கட்டை ஒன்று வெட்டி எடுத்துப் போங்கள். பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் அது நுழைகிறதா என்று பத்து இடத்தில் விட்டுப் பாருங்கள். கட்டுக்கம்பியின் வால் பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றால் உள்ளே மடக்கிவிடச் சொல்லுங்கள். அந்த வால்தான் உப்புக்கு வாசல். ஆட்கள் கம்பி மேல் நடந்து நடந்து பிளாக் சாயும், ஆகவே பாதி வேலையில் மறுபடி பாருங்கள்.

சிமெண்டில் பி.பி.சி. (சாம்பல் கலந்த போஸலானா சிமெண்ட்) அல்லது ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு ஆலைக் கசடு கலந்தது) நல்லது, உப்பு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். சல்ஃபேட் தாங்கும் சிமெண்ட்தான் கடலுக்குச் சரி என்று கடைக்காரர் சொல்வார். கடலோரத்தில் கம்பியைத் தின்பது உப்பில் இருக்கிற குளோரைடு, அதற்கு அந்தச் சிமெண்ட் அவ்வளவாக உதவாது.

தண்ணீரைச் சோதிக்காமல் கலவை போடாதீர்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் ஆகாது. கடலோரக் கிணற்றில் பல சமயம் அது தாண்டிவிடும். நாக்கில் வைத்து "கொஞ்சம்தான் கரிக்குது" என்பது சோதனை இல்லை. கடல் மண்ணைச் சல்லடை போட்டுக் கலக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. எம்-சாண்ட் போதும். கம்பியை மணலில் போட்டு ஆறு மாதம் வைக்காதீர்கள். கட்டை மேல் அடுக்கித் தார்ப்பாய் மூடுங்கள்.

நீராற்றுவதற்கும் அதே நல்ல தண்ணீர்தான். பி.பி.சி. என்றால் பதினான்கு நாள். ஆடிக் காற்றில் காலையில் ஊற்றியது பத்து மணிக்குள் காய்ந்துபோகும், ஈரச்சாக்கு போட்டு மூடாமல் முடியாது. முடிந்தால் கூரைக் காங்கிரீட்டை ஆனி, ஆடியில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வேண்டாம். தை முதல் பங்குனிக்குள் முடிப்பதுதான் என் வழக்கம்.

ஆறாவது: கூரை

காங்கிரீட் கூரை தன் எடையாலேயே நிற்கும். பிரச்சினை ஓட்டுக்கூரையும், மாடியில் போடுகிற தகர ஷீட்டும். காற்றின் அழுத்தக் கணக்கு எளிது: வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் வரைபடம் நாட்டை நொடிக்கு 33 மீட்டரிலிருந்து 55 மீட்டர் வரை ஆறு வேகங்களாகப் பிரிக்கிறது, சென்னைக்கு 50. உங்கள் இன்ஜினியர் உங்கள் இடத்துக்கு எந்த வேகத்தை எடுத்தார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உதாரணத்துக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 90 கிலோ அழுத்தம். தகர ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்கத்தான் பார்க்கும். ஐந்து கிலோவை எது பிடித்து வைக்கும்? போல்ட்தான், அந்தப் போல்ட்டைப் பிடித்திருக்கிற கைமரம்தான், கைமரத்தைப் பிடித்திருக்கிற பெல்ட்தான். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் ஷீட் பக்கத்துத் தெருவில்.

ஜே போல்ட் போடுங்கள், ஓரங்களிலும் முகட்டிலும் நெருக்கமாக. அங்கேதான் காற்று அதிகம் பிடுங்கும். இறவாரம் சுவரைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். கூரையைச் சுவர் மேல் சும்மா உட்கார வைக்காமல், பெல்ட்டில் பதித்த கம்பியோடு கட்டுங்கள். நான்கு பக்கமும் சரிகிற கூரை, இரண்டு பக்கம் சரிவதைவிடக் காற்றை நன்றாகத் தாங்கும். பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டின் மேல் வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் பட்டை போட்டிருப்பார்கள். அழகுக்கென்று நினைத்திருந்தேன், கச்சான் காற்றில் ஓடு பறக்காமல் இருக்கத்தான் அது.

ஊர்ச் சமுதாயக்கூடம், பள்ளிக்கூடம் போன்றவற்றைக் கட்டும் கமிட்டிக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புயலுக்குப் பிறகு ஊரே வந்து தங்குகிற கட்டடங்களுக்கு, கிழக்குக் கரையிலிருந்து 60 கி.மீ. வரை காற்று வேகத்தை 1.30 மடங்காகக் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது. வீட்டுக்கு அந்தக் கூட்டல் இல்லை.

மிச்சம் சில்லறை

ஜன்னலும் கதவும் மூலையிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். தென்மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி வேண்டாம்; வைத்தே தீர வேண்டுமென்றால் வெளியே மூடுகிற பலகைக் கதவு வையுங்கள். புயலில் ஒரு ஜன்னல் உடைந்தால் உள்ளே நுழைந்த காற்று கூரையை அடியிலிருந்து முட்டும். இரும்புக் கிரில் ஐந்து வருடத்தில் கரைந்துபோகும், அலுமினியமோ யு.பி.வி.சி.யோ பரவாயில்லை. கொண்டி, கீல், திருகு இவற்றை எவர்சில்வரில் வாங்குங்கள். மீட்டர் பெட்டி கடலைப் பார்க்காத சுவரில். செப்டிக் தொட்டியைக் கிணற்றிலிருந்து மனையின் எதிர்மூலைக்குத் தள்ளுங்கள். மணலில் கழிவு வேகமாகப் பரவும்.

குடிபோன பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு சுற்று. சித்திரையில், கச்சான் தொடங்கும் முன், கூரை மேல் ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துத் திருகிப் பாருங்கள். புரட்டாசியில் சன்ஷேடு, பால்கனி அடி, தண்ணீர்த் தொட்டியின் தூண்கள் இவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல காங்கிரீட் 'கணீர்' என்று சத்தம் கொடுக்கும். எங்காவது முற்றின தேங்காய்க்குப் பதில் அழுகின தேங்காயைத் தட்டின மாதிரி 'பொத்' என்று கேட்டால், அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். பூசி மறைக்கக் கூடாது. தட்டி எடுத்துக் கம்பியைச் சுரண்டி வெள்ளையாக்கி, துருத்தடுப்புப் பூசி, பழுதுக் கலவை வைக்க வேண்டும். வட்டம் மூன்றாக இருக்கும்போதே கூப்பிட்டால் ஒரு நாள் வேலை. முப்பதான பிறகு கூப்பிடுகிறவர்களிடம் என் மேசையில் இருக்கிற துண்டைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.